கற்பனை உலகங்களில் நம் பூமிக்கு ஏன் இடமில்லை?



ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பிறகு, கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் அறைக்கு வந்தார். கையில் தலையணை அளவுக்கு ஒரு ஆங்கில நாவல். ஃபேன்டஸி என்று சொல்லப்படும் மாயக் கற்பனைக் கதை. அதை எழுதியவர் பத்துக்கும் மேற்பட்ட நாவல்களை ஒரே அண்டத்துக்குள் நடப்பதாக அமைத்திருக்கிறாராம். ஒரு நூலில் வருபவர் வேறொரு நூலில், வேறொரு கோளில், வேறு பெயரில் வந்து நிற்பாராம். “எல்லா உலகமும் இருக்கு ஃபாதர். நம்ம பூமி மட்டும் இல்லை. ஏன்?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் இரண்டாவது கேள்வியும் வந்தது. இதற்காகத்தான் அவர் வந்திருக்கிறார் என்பது அப்போது புரிந்தது. “இவ்வளவு பெரிய உலகத்தை, கடவுள், வேதம், வரலாறு எல்லாத்தோடும் ஒரு மனுஷனாலே கட்ட முடியுதே. அப்ப நம்ம விவிலியமும் யாரோ கட்டின உலகமா இருக்கலாம் இல்லையா?”

இந்தக் கேள்வியை அதட்டி அனுப்பக்கூடாது. முதல் கேள்வியை ஒழுங்காக ஆராய்ந்தால் இரண்டாவதற்கும் வழி திறக்கும் என்று எனக்குப் பட்டது. அவர் விட்டுச்சென்ற நாவலையும், குருமட நாள்களில் படித்த சில நூல்களையும் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

விலகி நிற்கும் பூமி

அந்த நாவலின் ஆசிரியர் பிராண்டன் சாண்டர்சன் என்ற அமெரிக்கர். அவருடைய பொது அண்டத்துக்குக் காஸ்மியர் என்று பெயர். 2005-ல் வெளிவந்த ‘எலாண்ட்ரிஸ்’ என்ற நாவலில் இது தொடங்குகிறது. 2006-ல் ‘மிஸ்ட்பார்ன்’, 2009-ல் ‘வார்பிரேக்கர்’, 2010-ல் ‘தி வே ஆஃப் கிங்ஸ்’ என்று தொடர்ந்தது. முதல் கதை செல் என்ற கோளிலும், இரண்டாவது ஸ்கேட்ரியலிலும், மூன்றாவது நால்திஸிலும், நான்காவது ரோஷாரிலும் நடக்கிறது. ஹாய்ட் என்ற மர்ம மனிதர் இவற்றில் எல்லாம் தலைகாட்டுகிறார்.

இந்த அண்டத்தின் அடித்தளத்தில் ஒரு தெய்வக் கதை இருக்கிறது. ஆதியில் அடோனால்சியம் என்றொரு பேராற்றல் இருந்தது. அதைச் சிலர் சேர்ந்து உடைத்தார்கள். பதினாறு துண்டுகளாகச் சிதறிய அந்த ஆற்றலைப் பதினாறு பேர் ஏற்றுக்கொண்டு ஆளுக்கொரு தெய்வம் போல ஆனார்கள். இவர்கள் உலகங்களை ஆக்குகிறார்கள், அழிக்கிறார்கள், ஒருவரோடொருவர் போரிடுகிறார்கள். மக்கள் இவர்களைக் கடவுள் என்று வணங்குகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாண்டர்சன் பூமியைப் பற்றி எழுதாதவர் அல்லர். 2007-ல் தொடங்கிய ‘அல்கட்ராஸ்’ சிறுவர் தொடர், 2013-ல் வந்த ‘ஸ்டீல்ஹார்ட்’, அதே ஆண்டில் மாற்று அமெரிக்கா ஒன்றைக் களமாகக் கொண்டு வந்த ‘தி ரித்மாட்டிஸ்ட்’ எல்லாம் பூமியையோ பூமியின் சாயலையோ கொண்டவை. இவற்றில் ஒன்றுகூடக் காஸ்மியரில் சேராது. 2023-ல் யாரிடமும் சொல்லாமல் எழுதி வைத்திருந்த நான்கு நாவல்களை ஒரே ஆண்டில் அவர் வெளியிட்டார். அவற்றில் மூன்று காஸ்மியர் கதைகள். விலகி நின்ற நான்காவதன் களம் இடைக்கால இங்கிலாந்தைப் போன்ற ஒரு நாடு. எந்தக் கதையில் பூமியின் வாசனை அடிக்கிறதோ அந்தக் கதை வேலிக்கு வெளியே வைக்கப்படுகிறது.

ஏன் இப்படி? எளிதில் தெரியும் காரணங்களை முதலில் சொல்லிவிடலாம். பூமியை உள்ளே விட்டால் பூமியின் வரலாறும் வந்துவிடும். மந்திர ஆற்றல் அண்டமெங்கும் உண்டு என்றால் நம்மூரில் ஏன் இல்லை, இரண்டு உலகப் போர்களின்போது அந்த வீரர்கள் எங்கே போனார்கள் என்று வாசகர் கேட்பார். கற்பனைக் கோளில் ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. பூமியில் ஓடினால் வரைபடத்தை விரித்துக்கொண்டு நூறு பேர் வருவார்கள்.

சொற்களும் தொல்லை கொடுக்கும். தமிழில் ஒரு கற்பனை உலகக் கதை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கதாநாயகன் “சனிக்கிழமை வருகிறேன்” என்றால் போதும், அந்த வானத்தில் சனிக்கோள் இருந்தாக வேண்டும். டோல்கீன் இதற்காகத் தம் ‘ஹாபிட்’ நாவலில் ஒரு காய்கறியையே மாற்றினார். 1937-ல் வந்த முதல் பதிப்பில் மந்திரவாதி காண்டால்ஃப் கேட்கும் உணவு கோழியும் தக்காளியும். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த காய். பழங்கால வடமேற்கு ஐரோப்பாவை ஒத்த நாட்டில் அது எப்படி வந்தது? 1966 பதிப்பில் தக்காளி ஊறுகாயாக மாறிவிட்டது. உருளைக்கிழங்கு மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டது. அதுவும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான்!

இவை எல்லாம் தொழில் நுணுக்கம் சார்ந்த காரணங்கள். உண்மையானவைதாம். ஆனால் இவை மட்டுமே என்றால் திறமையுள்ள எழுத்தாளர் சமாளித்துவிடுவார். ராபர்ட் ஜோர்டன் சமாளித்தார். 1990-ல் தொடங்கிய அவருடைய ‘வீல் ஆஃப் டைம்’ தொடரின் உலகம் நம் பூமியேதான், காலச் சக்கரத்தின் வேறொரு சுற்றில். உலகத்தையே சுற்றி வளைக்கும் நெருப்பு ஈட்டி வைத்திருந்த மாஸ்க் என்ற பூதத்தைப் பற்றியும், நெருப்புக் கழுகின் வயிற்றில் நிலவுக்குப் பறந்த லென் என்பவரைப் பற்றியும் அங்கே பாணர்கள் கதை சொல்கிறார்கள். மாஸ்கோவின் ஏவுகணையும் நிலவுப் பயணமும் பாட்டிக் கதையாக மாறி நிற்பதை வாசகர் கண்டுபிடித்துச் சிரிக்கலாம். ஜோர்டன் 2007-ல் இறந்த பிறகு அந்தத் தொடரை முடித்துக் கொடுத்தவர் இதே சாண்டர்சன். ஆக, பூமியைக் கதைக்குள் ஒளித்துவைக்கும் வித்தை அவருக்குத் தெரியாததல்ல.

அப்படியானால் காரணம் இன்னும் ஆழத்தில் இருக்க வேண்டும். இனி வருவது என் கணிப்பு. ஆசிரியரின் வாக்குமூலம் அல்ல.

பூமியை அந்த அண்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். சீனாய் மலையில் மோசேயோடு பேசியவர் யார் என்ற கேள்வி உடனே எழும். கதையின் விதிப்படி பதினாறு துண்டுகளில் ஏதோ ஒரு துண்டு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். பெத்லகேமில் பிறந்தவர் யார்? கல்லறை ஏன் காலியாக இருந்தது? எதற்கும் கதையின் விதியிலிருந்தே பதில் வர வேண்டும். நம் சமயத்துக்கு மட்டும் என்றில்லை, பூமியில் மனிதர் கைகூப்பி நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் அந்த ஆசிரியர் விளக்கம் சொல்ல வேண்டிவரும். சாண்டர்சன் பிற்காலப் புனிதர் திருச்சபை எனப்படும் மார்மன் சமூகத்தைச் சேர்ந்தவர். அவர்களுடைய பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலை கற்பித்தவர். கடவுளைப் பற்றிய அவர்கள் போதனையை நாம் ஏற்பதில்லை, அது வேறு விஷயம். ஆனால் தினமும் செபிக்கிற ஒருவர், தாம் செபிக்கும் கடவுளைத் தம் கதையின் பதினாறில் ஒரு பங்காக ஆக்க விரும்பமாட்டார் என்பதைப் புரிந்துகொள்ள நமக்குச் சிரமம் இல்லை.

கதவைத் திறந்தவர்கள்

இது வெறும் ஊகமா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. பூமியை உள்ளே விட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கலாம்.

சி. எஸ். லூயிஸ் கதவை அகலத் திறந்தவர். 1950-ல் வந்த முதல் நார்னியா கதையில் ஒரு துணி அலமாரி வழியாக இங்கிலாந்துச் சிறுவர்கள் வேறு உலகத்துக்குப் போகிறார்கள். கதவு திறந்ததுமே கிறிஸ்துவைப் பற்றிப் பேசியாக வேண்டிய நிலை வந்துவிடுகிறது. 1952-ல் வந்த கடற்பயணக் கதையின் முடிவில் அஸ்லான் என்ற சிங்கம், தனக்குப் பிள்ளைகளின் உலகில் வேறொரு பெயர் உண்டு என்றும் அந்தப் பெயரில் தன்னை அறிந்துகொள்ள வேண்டும் என்றும் உணர்த்துகிறது. லூயிஸ் இதை விரும்பியே செய்தார். ஆனாலும் இடறல் இல்லாமல் இல்லை. முதல் கதையில் கிறிஸ்துமஸ் தாத்தா நார்னியாவுக்குப் பரிசு மூட்டையோடு வருகிறார். பெத்லகேமே இல்லாத உலகத்தில் ஏது கிறிஸ்துமஸ்? அந்தப் பகுதியை நீக்கிவிடும்படி நண்பர் சொல்லியும் லூயிஸ் கேட்கவில்லை.

அவருடைய விண்வெளிக் கதைகளில் இதே சிக்கல் நேர்த்தியாகக் கையாளப்பட்டிருக்கிறது. 1938-ல் வந்த முதல் நாவலில் பூமிக்கு மௌனக் கோள் என்று பெயர். மற்றக் கோள்கள் எல்லாம் இறைவனோடு உறவில் இருக்க, பூமி மட்டும் தீயோனின் பிடியில் சிக்கி, பேச்சு அறுந்து கிடக்கிறது. 1943-ல் வந்த ‘பெரலாண்ட்ரா’வில் இறைமகன் மனிதராகப் பிறந்தது எல்லாக் கோள்களையும் பாதித்த நிகழ்ச்சியாகக் காட்டப்படுகிறது. அதற்குப்பின் படைக்கப்படும் அறிவுள்ள உயிர்கள் மனித வடிவிலேயே வருகின்றன. பூமியை உள்ளே விட்டதற்கு லூயிஸ் கொடுத்த விலை இது. பெத்லகேமை மையமாக வைத்து முழு அண்டத்தையும் அவர் அடுக்க வேண்டியிருந்தது.

பிலிப் புல்மன் எதிர்த்திசையில் போனார். 1995-ல் வந்த அவருடைய முதல் நூல் வேறொரு உலகில் நடந்தது. 1997-ல் வந்த இரண்டாம் நூலில் நம் உலகத்து வின்செஸ்டர் சிறுவன் ஒருவன் நுழைந்தான். 2000-ல் வந்த மூன்றாம் நூலில், கடவுள் என்று நம்பப்பட்டவர் தள்ளாத கிழவராகக் காற்றில் கரைந்துபோகிறார். இதன் முதல் பாகம் 2007-ல் திரைப்படமாக வந்தபோது கத்தோலிக்கர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு வகையில் புல்மன் நேர்மையானவர். பூமியைக் கதைக்குள் கொண்டுவந்தால் கடவுளைப் பற்றி ஒரு நிலைப்பாடு எடுத்தே தீர வேண்டும் என்பதை அவரும் மறைக்கவில்லை. லூயிஸ் வணங்கினார், புல்மன் மறுத்தார். பேசாமல் நழுவ இருவராலும் முடியவில்லை.

(டெர்ரி பிராட்செட் மட்டும் சிரித்துத் தப்பித்தார். ஆமை முதுகில் நான்கு யானைகள், யானைகள் மேல் தட்டையான உலகம் என்பது அவருடைய கற்பனை. 1999-ல் அறிவியலாளர் இருவரோடு சேர்ந்து எழுதிய நூலில், அந்த உலகத்து மந்திரவாதிகள் தற்செயலாக உருவாக்கிவிட்ட ஒரு சின்னஞ்சிறு உருண்டை உலகமாக நம் பூமி வருகிறது!)

டோல்கீனின் தயக்கம்

இந்த வகை எழுத்தாளர்களில் நமக்கு மிக நெருக்கமானவர் டோல்கீன். 1892-ல் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டெயினில் பிறந்தவர். தாய் 1900-ல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்ததால் உறவினர்களின் ஆதரவை இழந்து, 1904-ல் இறந்துபோனார். அனாதையான பிள்ளைகளைப் பர்மிங்காம் ஓரட்டரியைச் சேர்ந்த அருள்தந்தை பிரான்சிஸ் மார்கன் பாதுகாவலராக இருந்து வளர்த்தார். வாழ்நாள் முழுதும் நற்கருணைப் பக்தி மிகுந்தவராக வாழ்ந்தார் டோல்கீன்.

அவருடைய மிடில் எர்த் வேற்றுக் கோள் அன்று. அது நம் பூமியே, ஆனால் கற்பனையான ஒரு பழங்காலத்தில். அதாவது அவர் இடத்தால் விலகவில்லை, காலத்தால் விலகினார். ஆபிரகாமுக்கும் முந்திய ஒரு விடியற்காலம் போல அதை வைத்துக்கொண்டார். ஆர்தர் மன்னர் கதைகளில் கிறிஸ்தவ மறை வெளிப்படையாகவே இடம்பெறுவதை அவர் ஒரு குறையாகக் கருதினார். கத்தோலிக்கரா இப்படிச் சொல்வது என்று வியக்கலாம். உண்மை மறையைக் கட்டுக்கதைக்குள் ஒரு பாத்திரமாக்கினால் இரண்டும் கெடும் என்பது அவர் எண்ணம். 1953-ல் இயேசு சபையைச் சேர்ந்த ராபர்ட் முர்ரேக்கு எழுதிய கடிதத்தில், தம் பெருநாவல் அடிப்படையில் கத்தோலிக்கப் படைப்பு என்றும், அதனாலேயே வழிபாடு, சமயச் சடங்கு போன்றவற்றைத் தாம் நீக்கிவிட்டதாகவும், சமயம் கதைக்குள் கரைந்திருக்கிறது என்றும் விளக்குகிறார். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முழுதும் தேடினாலும் ஒரு கோவிலைக் காண்பது அரிது. உணவுக்கு முன் ஃபாராமிரும் அவன் வீரர்களும் மேற்கு நோக்கி ஒரு கணம் அமைதியாக நிற்பார்கள், அவ்வளவுதான்.

அவர் ஒருமுறை எல்லையின் மிக அருகே வந்தார். ஃபின்ராட் என்ற எல்ஃப் அரசனும் ஆண்ட்ரெத் என்ற மானிடப் பெண்ணும் சாவைப் பற்றி உரையாடுவதாக ஒரு பகுதி எழுதினார். அந்த உரையாடலின் நடுவே, படைத்தவரே ஒருநாள் படைப்புக்குள் வந்து அதன் காயத்தை ஆற்றுவார் என்ற பழைய நம்பிக்கை மனிதரில் சிலரிடம் இருப்பதாக அவள் சொல்கிறாள். எழுத்தாளர் எப்படித் தம் கதைக்குள் நுழைய முடியும் என்ற வியப்பும் அங்கே எழுகிறது. டோல்கீன் இதை எழுதிவிட்டுத் தயங்கினார். இது கிறிஸ்தவத்தைக் கேலி செய்வதுபோல் ஆகிவிடுமோ என்ற அச்சத்தைத் தம் குறிப்பிலேயே பதிவு செய்தார். அவர் வாழ்நாளில் அது வெளிவரவில்லை. மகன் கிறிஸ்டோபர் தொகுத்த நூலில் 1993-ல்தான் வந்தது.

திருச்சபை வேறு உலகங்களைக் கண்டு அஞ்சியதா என்று சிலர் கேட்கலாம். புனித தாமஸ் அக்குவினாஸ் உலகம் ஒன்றே என்றார். ஆனால் இறைமகன் விரும்பினால் இன்னொரு மனித இயல்பையும் ஏற்க முடியும் என்பதை மறுக்கவில்லை. அவர் இறந்து மூன்று ஆண்டுகளில், 1277-ல், பாரிஸ் ஆயர் எத்தியன் தாம்பியே 219 கருத்துகளைக் கண்டித்தார். கடவுளால் பல உலகங்களைப் படைக்க முடியாது என்பது அவற்றில் ஒன்று. படைக்கும் உரிமைக்கு வேலி போடாதீர்கள் என்று பொருள். 2008-ல் வத்திக்கான் வானாய்வகத்தின் அன்றைய இயக்குநர் அருள்தந்தை ஹோசே கபிரியேல் ஃபூனஸ், வேற்றுலக உயிர்கள் இருந்தால் அவையும் நம் உடன்பிறப்புகளே என்ற கருத்தில் பேட்டி கொடுத்தார். எனவே எத்தனை உலகங்கள் என்பது நம் நம்பிக்கைக்குத் தடை அன்று. இந்த உலகத்தில் நடந்தது என்ன என்பதே கேள்வி.

இரண்டாம் கேள்வி

இனி அந்த இளைஞரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

நம் பாட்டிமார் கதை சொல்லத் தொடங்கும்போது “ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு ராஜா” என்பார்கள். எந்த ஊர், எந்த ராஜா என்று கேட்கக்கூடாது. கேட்டால் கதை நின்றுவிடும். கற்பனை உலகம் கட்டுபவர்களும் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். நம் நாட்காட்டி எட்டாத இடத்தில் கதையை வைக்கிறார்கள்.

லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். திருமுழுக்கு யோவான் போதிக்கத் தொடங்கிய காலத்தைச் சொல்ல வேண்டும். லூக்கா என்ன செய்கிறார்? திபேரியு சீசரின் பதினைந்தாம் ஆட்சி ஆண்டு என்கிறார். ஆளுநர் பொந்தியு பிலாத்து, குறுநில மன்னர்களான ஏரோது, பிலிப்பு, லிசானியா, தலைமைக் குருக்களான அன்னா, கயபா என்று ஏழு ஆட்களின் பெயரை வரிசையாக வைக்கிறார். வாசகங்களை வாசிப்பவர்கள் திருவருகைக் காலத்தில் இந்தப் பகுதி வரும்போது உச்சரிக்கத் திணறுவதை ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். திணறினாலும் பரவாயில்லை, விட்டுவிடாதீர்கள் என்பேன். சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் எழுத்து அது. கட்டுக்கதை எழுதுபவர் தப்பித்துப் போகும் அந்த இடத்தில் லூக்கா வேண்டுமென்றே போய் நிற்கிறார். இதனால் எல்லாம் நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. சாட்சி சொல்பவர் தவறாகச் சொல்லலாம், பொய்கூடச் சொல்லலாம். ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்பதும் திண்ணையில் கதை சொல்வதும் ஒன்றல்ல. நம் விசுவாசப் பிரமாணத்தில் பிலாத்தின் பெயரை இன்றுவரை நாம் சொல்லிவருவதும் அதனால்தான்.

1931 செப்டம்பரில் ஓர் இரவு, ஆக்ஸ்போர்டு மாடலன் கல்லூரியின் ஆடிசன் நடைபாதையில் மூன்று நண்பர்கள் உலாவிக்கொண்டே பேசினார்கள். லூயிஸ், டோல்கீன், ஹியூகோ டைசன். லூயிஸ் அப்போது கடவுள் உண்டு என்று ஏற்றுக்கொண்டிருந்தார், கிறிஸ்துவை ஏற்கவில்லை. இறந்து உயிர்க்கும் தெய்வங்களின் பழங்கதைகள் அவருடைய மனத்தை உருக்கும், நற்செய்தியோ உருக்கவில்லை. டோல்கீனும் டைசனும் இரவு வெகுநேரம் அவரோடு வாதிட்டார்கள். கிறிஸ்துவின் வரலாறும் அந்தக் கதைகளைப் போலவே நெஞ்சைத் தொடுவது, ஒரே ஒரு பெரிய வேறுபாடு, இது உண்மையாக நடந்தது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். சில நாள்களில் லூயிஸ் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். உலகங்களைக் கட்டத் தெரிந்த ஒருவர், கட்டியதற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துச் சொல்ல, அதை ஏற்றுக்கொண்ட மற்றவரும் பின்னாளில் உலகங்களைக் கட்டினார்.

இதையெல்லாம் அடுத்த ஞாயிறு அந்த இளைஞரிடம் சொன்னேன். உடனே தலையாட்டிவிடவில்லை. “யோசிக்கிறேன் ஃபாதர்” என்றார். சரி என்றேன். புறப்படும்போது, டோல்கீன் தம் கதையில் தீய மோதிரம் அழியும் நாளை எந்தத் தேதியில் வைத்தார் தெரியுமா என்று கேட்டேன். மார்ச் 25. நாம் ஆண்டவருடைய பிறப்பின் அறிவிப்பைக் கொண்டாடும் நாள்; நம் பெரியவர்கள் மங்கள வார்த்தைத் திருநாள் என்பார்கள். கிறிஸ்து சிலுவையில் இறந்ததும் அதே நாளில்தான் என்று இடைக்காலக் கிறிஸ்தவர்கள் நம்பினார்கள். கதையில் டோல்கீன் இதற்கு ஒரு விளக்கமும் தரவில்லை. பின்னிணைப்பில் உள்ள காலவரிசையைப் புரட்டினால் தெரியும்.

இரண்டு நாள் கழித்து மாலை செபமாலை வேளையில் கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். “புரட்டிப் பார்த்தேன் ஃபாதர். அவங்க ஒன்பது பேரும் பயணம் கிளம்புற தேதியும் போட்டிருக்கு. டிசம்பர் 25.”